கன்னிமார் இருக்கும் இடம்

பிஸ்கட்டோடு வருகிறவர்களைக் கொளஞ்சி நம்புவதில்லை. ஓட்டுக் கேட்க வருகிறவர்கள் பிஸ்கட் கொண்டுவருவார்கள். செங்கல் சூளைக்கு ஆள் பிடிக்க வருகிறவர்களும் கொண்டுவருவார்கள். அன்று வந்தவர்கள் கொண்டுவந்தது கிரீம் வைத்த பிஸ்கட். அவளுக்குச் சந்தேகம் இரட்டிப்பானது.

வந்தது வெள்ளை ஜீப். கதவில் ‘தொல்குடி உரிமை மற்றும் மரபு மீட்பு ஆதரவு மையம், பெரம்பலூர்’ என்று எழுதியிருந்தது. பெயர் கதவில் கொள்ளவில்லை. ‘பெரம்பலூர்’ மட்டும் பின்சக்கரத்துக்கு மேலே ஏறி இருந்தது.

நரிமேடு திருமழபாடிக்குக் கிழக்கே, கொள்ளிடக் கரையை ஒட்டி இருக்கிறது. பதினான்கு இருளர் வீடுகள். எல்லாம் புறம்போக்கு. அங்கே முதல் குடிசை போட்டவர் கொளஞ்சியின் மாமனாருடைய அப்பா. அவருக்கு முன்னால் நரி இருந்தது. நரிக்கும் பட்டா இல்லை.

தை மாதம் இரண்டு பேர் வந்து, வீடுகளைச் சுற்றி நான்கு மூலையிலும் சிவப்புச் சாயம் அடித்த குச்சிகளை நட்டுவிட்டுப் போனார்கள். கிடங்கு வரப்போகிறது என்றார்கள். என்ன கிடங்கு, யாருடைய கிடங்கு என்று சொல்லவில்லை. கொளஞ்சி அரியலூருக்கு பஸ் ஏறிப்போய் மனு கொடுத்தாள். பதினான்கு வீட்டுக்கும் பட்டா வேண்டும், குச்சியைப் பிடுங்க வேண்டும். அவ்வளவுதான் மனு. அது நான்கு மேசைகளைக் கடந்து ஜீப்பாகத் திரும்பி வந்தது.

இறங்கியவர் மையத்தின் இயக்குநர் ராஜராஜன். கதர்ச் சட்டை, கழுத்தில் பாசிமணி. நரிமேட்டு ஆண்கள் யாரும் பாசிமணி போடுவதில்லை. அவர் பின்னால் களப்பணியாளர் அனுசுயா, கையில் படிவக்கட்டோடு நின்றாள்.

“அம்மா, நாங்க உங்களுக்கு எதுவும் குடுக்க வரல,” என்றார் ராஜராஜன். “உங்களோடத உங்களுக்கே மீட்டுக் குடுக்க வந்திருக்கோம்.”

“எங்களோடத யாரு சார் எடுத்தா?”

“வரலாறு எடுத்துருச்சும்மா.”

அனுசுயா அதை எழுதிக்கொண்டாள்.

நரிமேட்டுக்குப் பெரியவர் அய்யம்பெருமாள். கொளஞ்சிக்கு மாமா முறை. அவர் கிரீமைத் தனியாக நக்கிவிட்டு, “குச்சியப் புடுங்குவாங்களான்னு கேளு,” என்றார்.

“புடுங்கலாம்,” என்றார் ராஜராஜன். “அதுக்கு முன்ன நீங்க இங்க தொன்றுதொட்டு இருக்கீங்கன்னு காட்டணும். ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் நேத்து வந்தது. மரபு ஆதாரம் வேணும். சாமி இருக்கா?”

கொளஞ்சி யோசித்தாள். இருக்கிறது என்றால் உண்டியல் வைக்க வருவார்கள். இல்லை என்றால் குச்சி பிடுங்கமாட்டார்கள்.

“இருக்குங்க. கன்னிமாரு. ஏழு பேரு.”

புங்கமரத்தடியில் ஏழு கற்கள் இருந்தன. மஞ்சளும் குங்குமமும் காய்ந்திருந்தன. ராஜராஜன் செருப்பைக் கழற்றினார். கண்ணை மூடினார். திறந்தபோது கலங்கியிருந்தது.

“இத வெயில்லயும் மழையிலயும் போட்டு வச்சிருக்கீங்களே,” என்றார்.

கற்களை மையம் கொண்டுபோகும். ஆய்வு செய்து சான்று எழுதும். அந்தச் சான்றைப் பார்த்து உரிமை நிர்ணயக் குழு பட்டா கொடுக்கும். அவர் சொன்னது இது. கேட்க ஒழுங்காகத்தான் இருந்தது. அதுவும் கொளஞ்சிக்குப் பிடிக்கவில்லை.

இந்த இடத்தில்தான் நரிமேடு ஒரு தப்புச் செய்தது. வேறு ஊராக இருந்தால் சாமி கல்லைத் தொடவிட்டிருக்காது. நரிமேட்டு வழக்கம் வேறு. அங்கே கல்லுக்கு ஆயுசு ஒரு வருஷம். மாசி மகத்தன்று கன்னிமாருக்குப் பாட்டுப் பாடி எழுப்பி, பழைய ஏழு கல்லையும் கொள்ளிடத்தில் விட்டுவிடுவார்கள். ஓடையில் புதிதாக ஏழு கல் பொறுக்கி, கழுவி, மஞ்சள் பூசி, மரத்தடியில் வைப்பார்கள். கன்னிமார் புதுக் கல்லுக்கு வந்துவிடுவார்கள். “பொம்பளப் புள்ளைங்கள எத்தன நாளு ஒரே எடத்துல உக்காத்தி வைக்கிறது,” என்பார் அய்யம்பெருமாள்.

ஜீப் வந்த அன்று மாசி மகம். காலையிலேயே பாட்டுப் பாடி முடித்திருந்தார்கள். கன்னிமார் எழுந்துவிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் கற்களை ஆற்றில் சேர்க்க வேண்டும்.

“ஆத்துக்குப் போற கல்லுதானக்கா,” என்று காதோடு சொன்னாள் மலர்கொடி. அவள் கொளஞ்சிக்கு ஓரகத்தி. “ஜீப்புல போனா நமக்குச் சுமை மிச்சம்.”

கொளஞ்சி எல்லாவற்றையும் சந்தேகப்பட்டாள். சாமி எழுந்துபோன கல்லைச் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவில்லை. சரி என்றாள்.

அனுசுயா ரசீது கொடுத்தாள். வேறு எதற்கோ அடித்த படிவம். ‘எண்ணிக்கை: ஏழு. நிலை: நன்று. கடிக்குமா: இல்லை.’ ராஜராஜன் ஒவ்வொரு கல்லையும் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டுபோய் ஜீப்பில் வைத்தார். சீட் பெல்ட் போட்டார்.

அந்தியில் நரிமேட்டுப் பெண்கள் ஓடைக்குப் போய் ஏழு கல் கொண்டுவந்து வைத்தார்கள்.

*

இருபது நாள் கழித்துக் கடிதம் வந்தது. கொளஞ்சி ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். அதனால் ஒரு சொல்லும் தப்பாது.

‘தங்கள் குடியிருப்பில் மேற்கொண்ட தள ஆய்வில், புங்கமரத்தடியில் ஏழு கற்கள் இருப்பது தெரியவந்துள்ளது. மேற்படி ஏழு தெய்வங்களும் இம்மையத்தின் பாதுகாப்பில் உள்ளதால், தங்களிடம் உள்ளவை போலி எனக் கருதப்படுகின்றன. போலித் தெய்வங்களை நிறுவி அரசு நிலத்தை ஆக்கிரமிக்க முயல்வதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதை ஏழு நாட்களுக்குள் விளக்கவும். தங்கள் மரபு மீட்பில் என்றும் துணை நிற்கும், ராஜராஜன்.’

“போலின்னா?” என்றார் அய்யம்பெருமாள்.

“டூப்ளிகேட்டு மாமா.”

“சாமியிலயா?”

“அவங்ககிட்ட இருக்கறதுதான் ஒரிஜினலாம்.”

“அதுலதான் ஆளே இல்லையே.”

மறுநாள் கொளஞ்சியும் மலர்கொடியும் பெரம்பலூர் போனார்கள். மையம் நான்கு ரோட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. முன்பு அது டிராக்டர் விற்ற கடை. சுவரெல்லாம் கண்ணாடி. உள்ளே, டிராக்டர் நின்ற இடத்தில், ஒரு கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் ஏழு கல். ஒவ்வொன்றின் கழுத்திலும் நூல் கட்டி எண் தொங்கவிட்டிருந்தார்கள். கல்லுக்குக் கழுத்து எங்கே என்று முடிவெடுக்க ஒரு குழு போட்டதாக அனுசுயா சொன்னாள்.

ஏசி ஓடியது. மலர்கொடி முந்தானையைப் போர்த்திக்கொண்டாள். “போன வருசம் பொங்கலுக்கு நம்ம புள்ளைங்க போர்வ இல்லாம கெடந்துச்சுவ,” என்றாள். “அடுத்த சென்மத்துல கல்லாப் பொறக்கணும்க்கா.”

இயக்குநரைப் பார்ப்பதற்கு முன் படிவம் நிரப்ப வேண்டும். அனுசுயா கேட்டாள்.

“தெய்வத்துக்கும் உங்களுக்கும் என்ன உறவு?”

“கும்புடுவோம்.”

“அந்தக் கட்டம் இல்லீங்க. தாய், தந்தை, பாதுகாவலர், இதர. இதரன்னு போட்டுக்கவா?”

“போடுங்க.”

“மரபை எப்போதிலிருந்து இழந்திருக்கீங்க?”

“மாசி மகத்துலேருந்து. மத்தியானம் மூணு மணி இருக்கும். உங்க ஜீப்புல.”

அனுசுயா ‘காலங்காலமாக’ என்று எழுதினாள். அவள் கெட்ட பெண் இல்லை. அந்தக் கட்டத்தில் அதற்கு மட்டும்தான் இடம் இருந்தது.

ராஜராஜன் எழுந்து நின்று வரவேற்றார். அவர் மேசையில் ஒரு தடித்த அறிக்கை கிடந்தது. அவர் முகம் விளக்குப் போட்டதுபோல இருந்தது.

“மூணாம் எண் கல்ல நிபுணருக்கு அனுப்புனோம்மா. நத்தை மாதிரி சுருள் இருக்குல்ல. அது பத்துக் கோடி வருஷம் பழசு. அரியலூர் கடலா கெடந்த காலத்து உயிரு. அப்ப யோசிச்சுப் பாருங்க, உங்க முன்னோர் எப்பலேருந்து இதக் கும்புட்டுருக்காங்க.”

“அது நான் பொறுக்குனது சார்,” என்றாள் கொளஞ்சி. “போன வருசம். ஓடையில நடக்கயில காலுல தட்டுச்சு. கட்டவெரல் நகம் பேந்துபோச்சு. சுத்துச் சுத்தா நல்லாருக்கேன்னு எடுத்தேன்.”

“பத்துக் கோடி வருஷமா உங்க மக்கள்...”

“அப்ப மனுஷங்களே இல்ல சார்,” என்றாள் அனுசுயா, மெதுவாக.

“அத அடிக்குறிப்புல போட்டுருங்க,” என்றார் ராஜராஜன்.

கொளஞ்சிக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. வழக்கத்தைச் சொன்னால் அந்தக் கல் வெறும் கல்லாகிவிடும், ஆதாரம் போய்விடும். சொல்லாவிட்டால் மரத்தடியில் இருக்கும் கன்னிமார் போலியாகிவிடுவார்கள், வீடு போய்விடும். இரண்டிலும் குச்சி நின்றது. பொய் சொல்லிக் கெடுவதைவிட மெய் சொல்லிக் கெடலாம் என்று நினைத்தாள். மகத்துப் பாட்டு, ஆறு, ஓடை எல்லாவற்றையும் சொன்னாள்.

“நீங்க எடுத்தாந்தது சாமி எழுந்துபோன கல்லு சார். வெறும் கல்லு. மரத்தடியில இருக்கறதுதான் சாமி. அத வந்து பாத்துட்டு எழுதிக் குடுங்க.”

ராஜராஜன் அனுசுயாவைப் பார்த்தார்.

“கேட்டீங்கள்ல? அறிக்கையில நாம எழுதுனது அப்படியே. அத்தியாயம் நாலு.”

“என்ன சார்?” என்றாள் கொளஞ்சி.

“மரபு மறதிம்மா. உங்க தப்பு இல்ல. பல நூற்றாண்டா ஒடுக்கி வச்சதுல, தன் சாமியவே வெறும் கல்லுன்னு சொல்ற நெலமைக்கு ஒரு இனம் வந்துருது. இதுக்குப் பயிற்சி இருக்கு.”

“எங்களுக்கு மறதி இல்ல சார்.”

“மறதி உள்ளவங்களுக்கு மறந்தது தெரியாதும்மா. தெரிஞ்சா அது மறதியே இல்லையே.”

மலர்கொடி இதற்கு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கொளஞ்சி அவள் கையைக் கிள்ளினாள்.

“கல்ல எப்ப சார் திருப்பித் தருவீங்க?”

ராஜராஜன் நாற்காலியில் சாய்ந்தார். இதை அவர் பல கூட்டங்களில் பேசியிருந்தார். “மரபை மக்கள்கிட்டயே விட்டா என்ன ஆகும்? பயன்படுத்துவாங்க. பயன்படுத்துனா தேஞ்சுரும். அதனாலதான் மக்கள்கிட்டேருந்து மரபைக் காப்பாத்துறோம். காப்பாத்துனத அவங்களுக்கே மீட்டுத் தர்றோம். இது சாதாரண வேலை இல்ல.”

“எப்ப மீட்டுத் தருவீங்க?”

“நீங்க தகுதியானதும்.”

*

தகுதிக்குப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். அது இருந்தால்தான் கோப்பு குழுவுக்குப் போகும். பங்குனியில் மூன்று நாள், பதினான்கு வீட்டிலிருந்தும் வீட்டுக்கு ஒருவர் கரும்பு வெட்டுக்குப் போகாமல் மையத்துக்குப் போனார்கள்.

பயிற்றுநர் வெளியூர். திரையில் படம் போட்டுக் கன்னிமாரை எப்படிக் கும்பிடுவது என்று காட்டினார். குலவை பன்னிரண்டு விநாடி இருக்க வேண்டும் என்றார். அதற்கு ஒரு கடிகாரம் வைத்திருந்தார். கொளஞ்சி ஒன்பது விநாடியில் முடித்தாள். மூச்சுப் பயிற்சி செய்யச் சொன்னார். இரண்டாம் நாள் எல்லோருக்கும் இலைதழை வைத்துத் தைத்த பாவாடை கொடுத்தார்கள். இலை பிளாஸ்டிக்.

“இது யாரு உடுத்துறது?” என்றார் அய்யம்பெருமாள்.

“நீங்கதான் ஐயா. உங்க பாரம்பரிய உடை.”

“எங்க அப்பாரு வேட்டிதான கட்டுனாரு.”

“அவருக்கு முன்னாடி.”

“அவரு கோவணம்.”

“அதுக்கும் முன்னாடி.”

அய்யம்பெருமாள் வேட்டிக்கு மேலேயே பாவாடையைக் கட்டிக்கொண்டார். மலர்கொடி சிரித்துச் சிரித்துச் சுவரோடு உட்கார்ந்துவிட்டாள். அவளை வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்கள்.

மூன்றாம் நாள் தேர்வு. அனுசுயா கேள்வியை வாசித்தாள், எழுதத் தெரியாதவர்களுக்கு அவளே எழுதினாள். கன்னிமாருக்கு உகந்த படையல் எது? கொளஞ்சி தன் கையாலேயே ‘பொரி, வெல்லம்’ என்று எழுதினாள். அனுசுயா கையில் இருந்த விடைக்குறிப்பில் ‘தேன், தினைமாவு’ என்று இருந்தது. அவள் தன் கூரையை நினைத்தாள். பதினான்கு கூரையையும் நினைத்தாள். அனுசுயா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில், கொளஞ்சி பொரியை அடித்துவிட்டுத் தேன் என்று எழுதினாள். தன் சாமியைப் பற்றி அவள் எழுதிய முதல் பொய் அது. நூற்றுக்கு நூறு வாங்கினாள்.

மலர்கொடிக்கு மட்டும் சான்றிதழில் ‘மறதி நீடிக்கிறது’ என்று போட்டிருந்தார்கள்.

*

சித்திரையில் உத்தரவு வந்தது. ராஜராஜனே நேரில் கொண்டுவந்தார். மாலை போட்டார். படம் எடுத்தார்கள்.

“உரிமை கெடைச்சிருச்சும்மா,” என்றார். “முப்பது வருஷ சேவையில இப்படி ஒரு உத்தரவு நான் பாத்ததில்ல. எங்க சான்று வார்த்தைக்கு வார்த்தை ஏத்துக்கிட்டாங்க.”

“குச்சி?” என்றார் அய்யம்பெருமாள்.

“அது வேற பிரிவு.”

ஜீப் போனபின் கொளஞ்சி உத்தரவை எடுத்துக்கொண்டு புங்கமரத்தடியில் உட்கார்ந்தாள். உச்சி வேளையில் ஆரம்பித்து நிழல் கிழக்கே திரும்பும்வரை வாசித்தாள்.

முதல் பத்தி மையத்தைப் பாராட்டியது. இரண்டாம் பத்தி: ‘நரிமேட்டில் மனுதாரர்களின் தெய்வங்கள் ஏதும் இல்லை என்று மையம் சான்றளித்துள்ளபடியால், மேற்படி நிலத்தில் அவர்களுக்கு உரிமை இல்லை. முப்பது நாட்களுக்குள் காலி செய்ய வேண்டும்.’ மூன்றாம் பத்தி: ‘எனினும் மனுதாரர்கள் தொல்குடியினர் என்பது ஐயமற நிறுவப்பட்டுள்ளது. எனவே அவர்களது ஏழு கன்னிமார் தெய்வங்கள் எவ்விடத்தில் உள்ளனவோ, அவ்விடமே அவர்களது மரபுவழி வாழ்விடம் எனத் தீர்மானிக்கப்படுகிறது. அவ்விடத்தில் குடியிருக்கவும், அடுப்பு மூட்டவும், கால்நடை வளர்க்கவும் அவர்களுக்குள்ள உரிமையில் எவரும் தலையிடலாகாது.’

கொளஞ்சி இரண்டாம் பத்தியை ஒருமுறை வாசித்தாள். மூன்றாம் பத்தியை ஐந்து முறை வாசித்தாள். எங்கேயோ கண்ணி இருக்கிறது என்று தேடினாள். இருந்தது. ஆனால் அது அவளுக்கு வைத்த கண்ணியாகத் தெரியவில்லை.

“மலரு,” என்றாள். “குட்டியானை ரெண்டு வேணும். உன் தம்பிகிட்ட கேளு.”

“எங்கக்கா போறோம்?”

“காலி பண்ணச் சொல்லிருக்காங்கல்ல. நம்ம எடத்துக்குப் போவோம்.”

மறுநாள் காலை பத்து மணிக்கு இரண்டு குட்டியானை வண்டிகள் பெரம்பலூர் மையத்தின் முன்னால் வந்து நின்றன. பதினான்கு குடும்பம் இறங்கியது. பானை, பாய், ஒன்பது ஆடு, இருபத்தொரு கோழி இறங்கின. காவலாளி தடுத்தான். கொளஞ்சி உத்தரவைக் காட்டினாள். காவலாளி வாசித்துவிட்டு, தன் நாற்காலி இனியும் தன்னுடையதுதானா என்று கேட்டான்.

கண்ணாடிப் பெட்டிக்குக் கிழக்கே ஆறு குடும்பம், மேற்கே எட்டுக் குடும்பம். ஆடுகளைக் கருத்தரங்கக் கூடத்தில் கட்டினார்கள். அனுசுயா தன் மேசையைத் தானே நகர்த்திக் கொடுத்தாள். “இந்தப் பக்கம் பிளக் பாயிண்ட் இருக்குக்கா,” என்று தணிந்த குரலில் சொன்னாள்.

ராஜராஜன் பதினொரு மணிக்கு வந்தார். அவர் அறையில் அய்யம்பெருமாள் படுத்திருந்தார்.

“என்னம்மா இது?”

“மீட்டுட்டோம் சார்,” என்றாள் கொளஞ்சி.

அவர் போலீசுக்குப் போன் செய்தார். வந்த எஸ்.ஐ. உத்தரவை வாங்கி வாசித்தார். கண்ணாடிப் பெட்டியில் ஏழு கல்லையும் எண்ணினார். “சார், கல்லு இங்கதான இருக்கு,” என்றார். “ஏழும் கன்னிமாருன்னு உங்க போர்டுதான் சொல்லுது. சான்றுல கையெழுத்தும் உங்களுது. நான் தலையிட்டா என் மேல கேஸ்.” ஒரு வணக்கம் வைத்தார். யாருக்கு வைத்தார் என்று தெரியவில்லை. போய்விட்டார்.

மத்தியானம் மலர்கொடி கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் அடுப்பு மூட்டிக் கருவாடு வறுத்தாள். கூரையில் இருந்த புகைக் கருவி அலறியது. பிறகு கூரையிலிருந்து தண்ணீர் பொழிந்தது. அறிக்கைகள் நனைந்தன. பிள்ளைகள் சோப்பு கேட்டார்கள்.

மூன்று மணிக்கு ராஜராஜன் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். கற்களை எடுத்து ஜீப்பின் பின்சீட்டில் வைத்தார். இந்த முறை ஏந்தவில்லை. பக்கெட்டில் போட்டு எடுத்துவந்தார்.

“உங்க சாமிய உங்க எடத்துலயே கொண்டாந்து வச்சிடறேன். கெளம்புங்க.”

கொளஞ்சி அவர் முகத்தைப் பார்த்தாள். பிஸ்கட் இல்லை. இருந்தாலும் சந்தேகம் போகவில்லை. ஜீப்பின் பின்சீட்டில் கற்களுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். மலர்கொடியும் ஏறினாள். ஆட்டுக்குட்டி ஒன்றையும் ஏற்றிக்கொண்டாள். மற்றவர்கள் குட்டியானையில் பின்னால் வந்தார்கள்.

நரிமேட்டில் ஜீப் நின்றது. டிரைவர் பக்கெட்டைத் தூக்க வந்தார்.

“எறக்க வேணாங்க,” என்றாள் கொளஞ்சி.

“ஏம்மா?” என்றார் ராஜராஜன்.

“எறக்குவீங்க. போட்டோ புடிப்பீங்க. நாங்க அந்தாண்ட போனதும் பாதுகாப்புன்னு சொல்லி மறுபடி தூக்கிருவீங்க. பட்டா வரட்டும். சர்வே நம்பர் போட்டு, பதினாலு பேருக்கும். அதுவரைக்கும் கன்னிமாரு வண்டியிலயே இருக்கட்டும்.”

“சரி, இருக்கட்டும். நீங்க எறங்குங்க.”

“நாங்க எதுக்கு எறங்கணும்? கன்னிமாரு இருக்குற எடம் எங்க எடம். உத்தரவுல இருக்கு.”

“அம்மா, இது ஆபீஸ் வண்டி.”

“மத்தியானம் வரைக்குந்தான் அது ஆபீஸ் வண்டி சார்.”

மலர்கொடி முன்சீட்டுக்கு எட்டிப்பார்த்தாள். “ஏசி எப்புடிப் போடுறது சார்?” என்றாள்.

ராஜராஜன் ஜன்னலருகே குனிந்தார். குரலைத் தாழ்த்தினார். அவர் இப்போது இயக்குநர் மாதிரிப் பேசவில்லை. “இங்க பாருங்கம்மா. நமக்குள்ள பேசிக்குவோம். அன்னிக்கு நீங்கதான சொன்னீங்க, இது சாமி எழுந்துபோன கல்லு, வெறும் கல்லுன்னு. அத இப்ப எழுதிக் குடுத்துருங்க. நான் வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிடறேன்.”

“அது மறதிங்க சார்,” என்றாள் கொளஞ்சி. “பயிற்சியில சரியாயிருச்சு. நூத்துக்கு நூறு.”

அவர் கரையில் ஏறி நின்று போன் செய்தார். சிக்னலுக்காக ஆற்றுப் பக்கம் நடந்தார், திரும்பி வந்தார். வார்த்தைகள் காற்றில் வந்தன. ஆமா சார். ஜீப்புக்குள்ள சார். இல்ல சார், ஜீப்புக்குப் பட்டா குடுக்க முடியாதுன்னு எனக்கும் தெரியும் சார். அப்ப நிலத்துக்குக் குடுங்க சார்.

அய்யம்பெருமாள் பானட்டில் துண்டை விரித்துப் படுத்தார். சூடு இடுப்புக்கு நல்லது என்றார்.

ஜீப் மூன்று நாள் அங்கே நின்றது. கொளஞ்சியும் மலர்கொடியும் முறைபோட்டு உட்கார்ந்தார்கள். ராஜராஜன் தினமும் பஸ்ஸில் திருமழபாடி வந்து, அங்கிருந்து நடந்து வந்தார். இரண்டாம் நாள் அவர் பிஸ்கட் கொண்டுவந்தார். யாரும் வாங்கவில்லை. ஆட்டுக்குட்டி தின்றது. அவரும் அதன் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு தின்றார்.

மூன்றாம் நாள் மத்தியானம் தாசில்தார் வந்தார். கூடவே சர்வேயர், சங்கிலி. பதினான்கு வீட்டையும் அளந்தார்கள். சிவப்புக் குச்சி நான்கும் அளவுக்கு இடைஞ்சலாக இருந்தன. சர்வேயரே பிடுங்கிப் போட்டார். தாசில்தார் ஜீப்பின் பானட்டில் காகிதங்களை வைத்து ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டார். பெயர் கூப்பிட்டார். மூலை வீட்டு வீரம்மாள் வாங்கினாள். அய்யம்பெருமாள் வாங்கினார். மலர்கொடி வாங்கினாள், இந்த முறை சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கடைசிப் பெயர் கொளஞ்சி. அவள் இறங்கவில்லை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி வாங்கினாள்.

“எறங்கலாம்ல இப்ப?” என்றார் ராஜராஜன். அவர் சட்டையில் மூன்று நாள் தூசி இருந்தது. பாசிமணியை எங்கேயோ கழற்றி வைத்துவிட்டார்.

“படிச்சுக்கறேன் சார்.”

அவள் எழுத்துக் கூட்டினாள். தாசில்தார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சர்வேயர் சங்கிலியைச் சுருட்டி முடித்துவிட்டு, மறுபடி பிரித்து மறுபடி சுருட்டினார். கொளஞ்சி தன் பெயரைப் படித்தாள். புருஷன் பெயரைப் படித்தாள். சர்வே எண்ணைப் படித்து, மலர்கொடியின் காகிதத்தை வாங்கி அதோடு வைத்துப் பார்த்தாள். நான்கு எல்லையையும் படித்து, ஒவ்வொன்றுக்கும் தலையைத் தூக்கி அந்தத் திசையைப் பார்த்துக்கொண்டாள். கீழே முத்திரை இருந்தது. ஊதா நிறம்.

அவள் அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

பிறகு இறங்கினாள்.